பெண் பார்க்கப் போன இடத்தில் ஒரு பூனைக் குளியல்

பெண் பார்க்கப் போகிறவர்கள் பெண்ணின் முகத்தைப் பார்ப்பார்கள், கழுத்தில் கிடக்கும் நகையைப் பார்ப்பார்கள், தோட்டத்துக் கிணற்றில் தண்ணீர் எந்த ஆழத்தில் கிடக்கிறது என்று எட்டிப் பார்ப்பார்கள். நான் கையைப் பார்க்கப் போனேன். பெண்ணுக்கு நல்ல வலுவான கை இருக்கிறதா என்பதுதான் எனக்குத் தெரியவேண்டியிருந்தது.

மேட்டூரில் அணை கட்டிக்கொண்டிருந்த காலம் அது. என் தம்பி குழந்தைவேலுக்குப் பெண் தேடிக்கொண்டிருந்தோம். என்னைக் கட்டிக்கொடுத்தது எடப்பாடியில் என்றாலும், அந்த வருஷம் முழுக்க நான் கிடந்தது திருச்செங்கோட்டுப் பக்கம் என் பிறந்த வீட்டில்தான். காரணம் என் அம்மா அத்தாயி. அவளுக்கு ஒரு பக்கம் கையும் காலும் விழுந்துபோயிருந்தன. நாக்கும் குழறியது. விழாமல் மிச்சமிருந்த ஒரு கையில் மட்டும் இரண்டு கைக்கு உண்டான பலம் இருந்தது.

சோறு ஊட்டினால் சாப்பிடுவாள். தலை சீவினால் சும்மா இருப்பாள். குளிப்பாட்டத் தூக்கிக்கொண்டு போனால் தொலைந்தோம். கத்துவாள், அடிப்பாள், பிராண்டுவாள், ஒரு தடவை கடித்தே விட்டாள். நானும் லேசுப்பட்டவள் இல்லை. குளியலறையில் சுவரைப் பார்க்க அவளைக் கல்லில் உட்காரவைத்து, மொண்டு மொண்டு தலையில் ஊற்றி, அவள் திட்டி முடிப்பதற்குள் துடைத்துத் தூக்கி வந்துவிடுவேன். சீக்கிரம் முடிந்தால் இரண்டு பேருக்கும் நல்லது என்று நினைத்தேன். அம்மா அப்படி நினைக்கவில்லை. படுத்தபிறகு என்னை விரோதியைப் பார்ப்பதுபோலப் பார்ப்பாள். ஊரையே ஆட்டிவைத்தவள், பேச்சு வராமல் அப்படிப் பார்க்கும்போது நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

எடப்பாடியிலிருந்து என் வீட்டுக்காரர் ஆள்மேல் ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார். நான் போனால் அம்மாவை யார் பார்ப்பது? தம்பிக்கு ஒருத்தி வந்தாக வேண்டும். இதற்கு முன் பார்த்த ஒரு நல்ல இடத்தில் அம்மாவின் நிலைமையை நான் உள்ளபடி சொல்லிவிட்டேன். அவர்கள் காப்பியைக் கொடுத்து மரியாதையாக அனுப்பிவிட்டார்கள். அதிலிருந்து என் பெரியப்பா எனக்கு வாய்ப்பூட்டு போட்டுவிட்டார்.

"இப்பப் போற ஊட்டுல நீ வாயத் தொறக்கக் கூடாது கண்ணாத்தா. ஒடம்புக்குக் கொஞ்சம் சொகமில்லைன்னு நானே சொல்லிக்கறேன். தாலி ஏறட்டும். அப்பறம் தன்னால தெரிஞ்சுக்குவா."

நான் சரி என்று தலையை ஆட்டினேன். எனக்கும் வேறு வழி தெரியவில்லை.

பெண் வீடு நாமக்கல் பக்கம், கடலைக்காட்டுக்கு நடுவில் இருந்தது. நானும் தம்பியும் பெரியப்பாவும் வருகிறோம் என்று வெள்ளையடித்திருந்தார்கள், வீடு கண்ணைக் கூசவைத்தது. பெண்ணின் அம்மா பெரியநாயகி வாசலுக்கே வந்து, "வாங்க சாமி, வாங்க" என்று கும்பிட்டாள். அப்பா மருதாசலம் பாயைத் தட்டிப் போட்டார். எல்லாம் முறைப்படி நடந்திருக்கும். எங்கள் வண்டிக்கு அடியிலேயே ஓடிவந்த நாய்தான் கெடுத்தது. எங்கள் நாய்க்கு யார் வீட்டில் எப்படி நடந்துகொள்வது என்று தெரியாது. அதுவும் என் பெரியப்பாவும் ஒரே ரகம்.

நாங்கள் உட்கார்ந்து மூச்சு விடவில்லை. ஒரு கறுப்புப் பூனை எங்களுக்குக் குறுக்கே அம்புபோல் ஓடியது. பின்னாலேயே எங்கள் நாய். பின்வாசலில் வெள்ளையடித்து மிச்சமான சுண்ணாம்புப் பானை இருந்திருக்கிறது, மேலே ஒரு முறத்தைப் போட்டு மூடியிருந்தார்கள். பூனை முறத்தின் மேல் தாவ, முறம் சாய, உள்ளே விழுந்த சத்தம் எங்களுக்கே கேட்டது.

அந்த நேரத்தில்தான் பெண் தண்ணீர் வைத்த தட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். பட்டுச்சேலை, தலை நிறையப் பூ. பெயர் சௌந்திரம் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். சத்தத்தைக் கேட்டதும் நின்றாள். எங்கள் முன்னால் தட்டை மெதுவாகக் கீழே வைத்தாள், தண்ணீர் ஒரு சொட்டுச் சிந்தவில்லை. "கருப்பி" என்று ஒரே சொல் சொல்லிவிட்டுப் பின்பக்கம் போய்விட்டாள்.

"ஏய் சௌந்திரம்! இப்ப எங்கடி போற?" என்றாள் பெரியநாயகி. அவள் முகம் செத்துப்போயிருந்தது.

பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். "வந்ததும் வராததுமா பூன குறுக்க ஓடுது. புள்ள தட்டக் கீழ வெச்சுட்டுப் போறா. கெளம்பலாம்."

"பூனையத் தொரத்துனது நம்ம நாய் பெரியப்பா. சகுனம் பாக்கறதுன்னா நம்ம நாய்க்கும் சேத்துப் பாருங்க. நான் ஒரெட்டு போய்ப் பாத்துட்டு வாரேன்" என்றேன். பெண் இல்லாத நேரத்தில் கூடத்தில் எதற்கு உட்கார்ந்திருப்பது? உண்மையைச் சொன்னால், அவள் சேலையைக் கெடுத்துக்கொண்டு பதறுவதைப் பார்க்கத்தான் போனேன்.

அவள் பதறவில்லை. பூனையை அதற்குள் வெளியே எடுத்திருந்தாள். மூக்கு நுனி தவிர முழுக்க வெள்ளையாக இருந்தது. அவள் முன்கையில் நீளமாக ஒரு கீறல், ரத்தம் கசிந்தது. அதை அவள் பார்க்கவில்லை. பூனையை மடியில் அணைத்து, அதன் தாடைக்குக் கீழே கட்டைவிரலைக் கொடுத்து, நாக்கு உடம்பில் படாமல் தடுத்துக்கொண்டிருந்தாள். ஈரத்துணியால் முதலில் கண்ணைத் துடைத்தாள். துணியை அலசி மறுபடி துடைத்தாள். பிறகு வாயைச் சுற்றி.

என்னைப் பார்த்ததும், மாப்பிள்ளையின் அக்கா என்ற மரியாதையெல்லாம் பார்க்காமல், "ஏனுங்க, அடுப்புமேல சுடுதண்ணி இருக்குது. கொஞ்சம் எடுத்துட்டு வாங்க. நக்குச்சுன்னா வாயி வெந்துரும், வவுறும் வெந்துரும்" என்றாள்.

நான் எடுத்து வந்தேன். என் மாமியார் சொன்னால்கூட இவ்வளவு வேகமாக நான் எதையும் எடுத்து வந்ததில்லை. அவள் அகலமான இரும்புச் சட்டியை இழுத்துப் போட்டு, உள்ளே அடியில் ஒரு கோணிச்சாக்கை மடித்து விரித்தாள். சுடுதண்ணீரைப் பச்சைத் தண்ணீரோடு கலந்து, முழங்கையின் உள்பக்கத்தை அதில் வைத்துப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் பச்சைத் தண்ணீர் விடச் சொன்னாள்.

"சாக்கு எதுக்கு?"

"வெறுஞ்சட்டியில காலு வழுக்குமுங்க. வழுக்குனா நம்ம மேல ஏறும், பிராண்டும். நெகம் ஊனறதுக்கு எடம் குடுத்தா நின்னுக்கும்."

பூனையைச் சட்டியில் இறக்கினாள். அது சுவரைப் பார்த்து நின்றது. உடனே உடம்பு முழுக்க விறைத்து ஒரு மாதிரி அழுதது. அவள் சட்டியையே திருப்பினாள். இப்போது பூனைக்கு எதிரே பின்வாசல், வாசலுக்கு அந்தப் பக்கம் கடலைக்காடு, வெயில்.

"ஓடிப்போயிரும் புள்ள!" என்றேன்.

"போவாதுங்க. சொவத்தப் பாத்து நின்னா மாட்டிக்கிட்டோம்னு பயந்துக்கும். போற வழி கண்ணுக்குத் தெரிஞ்சா இருந்துக்கும்."

எனக்கு நம்பிக்கையில்லை. பூனை முன்கால் இரண்டையும் சட்டியின் விளிம்பில் தூக்கி வைத்துக் காட்டைப் பார்த்தது. அவள் அதன் தோளில் ஒரு கையை வைத்திருந்தாள், பிடிக்கவில்லை, வைத்துத்தான் இருந்தாள். பூனை போகவில்லை.

நான் சொம்பில் மொண்டு ஊற்றினேன், எனக்குத் தெரிந்த விதத்தில். அவள் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்திவிட்டாள்.

"தூக்கி ஊத்தாதீங்க. அடிக்கறாப்பல இருக்கும் அதுக்கு. ஒடம்போட ஒட்டி ஊத்துங்க, பின்னங்காலுல இருந்து. மூஞ்சிக்கு வேண்டாம், காதுல போயிரும்."

நான் ஒட்டி ஊற்றினேன். தண்ணீர் சத்தமில்லாமல் இறங்கியது. அவள் விரலால் மயிரைப் பிரித்துப் பிரித்துச் சுண்ணாம்பைத் தள்ளிவிட்டாள். தேய்த்துக் குளிக்கிற அரப்புத்தூள் வேண்டாமா என்றேன். கண்ணில் பட்டால் எரியும், இன்றைக்கு வெறும் தண்ணீரே போதும் என்றாள். சட்டித் தண்ணீர் பால்போல வெளுத்ததும் கொட்டிவிட்டு வேறு தண்ணீர். மறுபடி கொட்டினோம், மறுபடி நிரப்பினோம். அவசரமே இல்லை அவளுக்கு. "ஆச்சு சாமி, ஆச்சு. இன்னுங் கொஞ்சந்தான். வயித்துக்கு வருது இப்ப" என்று அடுத்து எங்கே கை படப்போகிறது என்பதைப் பூனைக்கு முன்கூட்டியே சொல்லிக்கொண்டிருந்தாள். பட்டுச்சேலை முட்டி வரைக்கும் நனைந்து சுண்ணாம்பாகிக் கிடந்தது. தலையில் வைத்த பூ ஒரு காதோரம் தொங்கியது. சும்மா சொல்லக்கூடாது, அவ்வளவு அழகான பெண்ணை நான் அதுவரைக்கும் பார்த்ததில்லை.

சட்டித் தண்ணீர் தெளிந்ததும் பழைய வேட்டித்துணியில் பூனையைச் சுற்றினாள். தேய்க்கவில்லை, ஒற்றி எடுத்தாள். துணியை மாற்றிச் சுற்றி, காற்று அடிக்காத மூலையாகப் பார்த்து, வெயிலில் மடியோடு வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கருப்பி மறுபடி கறுப்பாகி, எலிக்குஞ்சு மாதிரி ஒல்லியாகி, தும்மியது. கண் இரண்டும் தெளிவாக இருந்தன. அப்புறந்தான் அவள் தன் கையிலிருந்த கீறலைப் பார்த்தாள்.

"கண்ணு தொறக்காத குட்டியில எடுத்தது. பஞ்சுல பால நனச்சுக் குடுத்து வளத்தேனுங்க" என்றாள். அப்போதுதான் அவள் குரல் நடுங்கியது. பிறகு தன் சேலையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தான் யார், நான் யார் என்பது அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்ததுபோல் முகம் சிவந்தது. "தப்பா நெனச்சுக்காதீங்க. அப்படியே போட்டுட்டு வந்து நிக்க முடியலீங்க."

இந்தப் பெண்ணையா ஏமாற்றிக் கூட்டிக்கொண்டு போகப்போகிறோம்? இவள் ஒரு பூனையிடம்கூட எதையும் மறைக்கவில்லை. கை எங்கே வரும் என்பதைச் சொல்லிவிட்டுத்தான் தொட்டாள். உள்ளே பெரியப்பா, "பையனோட அம்மாவுக்குக் கொஞ்சம் முட்டிவலி, வேற ஒண்ணுமில்லீங்க" என்று மருதாசலத்திடம் சொல்லிக்கொண்டிருப்பது காதில் விழுந்தது. சொன்னால் இந்தப் பெண் கிடைக்கமாட்டாள். இவள் கிடைக்காவிட்டால் என் மனசே விட்டுப்போகும். ஆனாலும் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"புள்ள, எங்கம்மாவுக்கு முட்டிவலி இல்ல. ஒரு பக்கம் உழுந்து போச்சு. குளிக்க வெக்கோணும், எல்லாம் பண்ணோணும். குளிக்க வெச்சா அடிப்பாங்க, பிராண்டுவாங்க. என் கையப் பாரு." கையை நீட்டிக் காட்டினேன். "தம்பி நல்லவன். அம்மாவத் தூக்கிட்டு வந்து உக்கார வெப்பான், அப்பறம் அழுதுக்கிட்டே ஓடிப்போயிருவான். நீ வந்தா நான் எடப்பாடி போயிருவேன். அதுக்குத்தான் பொண்ணு பாக்க வந்தோம். இதச் சொல்லக் கூடாதுன்னுதான் வந்தேன். வேண்டாம்னு சொல்லு, நான் கோவிச்சுக்க மாட்டேன்."

அவள் பூனையின் காதுக்குள் ஈரம் இருக்கிறதா என்று துணி முனையால் பார்த்தாள். சொல்லியிருக்கக் கூடாதோ என்று நினைத்தேன். அவள் நிமிர்ந்தாள்.

எங்கள் பக்கம் புருஷனுடைய அக்காளை நங்கை என்று கூப்பிடுவோம். அதுவரைக்கும் என்னை வெறும் "ஏனுங்க" என்றுதான் அவள் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க நங்கை," என்றாள், "அத்தைய எந்தப் பக்கம் பாத்து உக்கார வெக்கறீங்க?"

சுவரைப் பார்த்து என்று எப்படிச் சொல்வது? அவளுக்கே புரிந்துவிட்டது. என் கையிலிருந்த கீறலின் மேல் தன் ஈரக்கையை வைத்தாள். அவள் வைத்த விதம் என்னைக் கண்டிப்பது மாதிரி இல்லை.

உள்ளே போய், பெரியப்பா சொன்ன முட்டிவலியை நானே எல்லார் முன்னாலும் திருத்தினேன். பெரியப்பா என்னை எரித்துவிடுவதுபோலப் பார்த்தார். பெரியநாயகி மகள் பக்கம் திரும்பினாள். மருதாசலம், "புள்ள என்ன சொல்லுது?" என்று கேட்டார். சௌந்திரம் சுண்ணாம்புச் சேலையோடு வந்து, கீழே வைத்த தட்டை எடுத்து எங்கள் முன்னால் நீட்டினாள். குழந்தைவேல்தான் முதலில் தண்ணீரை எடுத்துக் குடித்தான். தை மாதத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று பேசி முடித்தோம்.

தை வரைக்கும் காத்திருக்க எனக்குப் பொறுமையில்லை. மறுநாள் காலையில் குளியலறைக் கல்லைத் தம்பியும் நானும் புரட்டி, கதவைப் பார்க்கத் திருப்பிப் போட்டோம். மறைப்புக்கு ஒரு பழைய சேலையை இடுப்புயரத்துக்குக் கட்டி, அதற்கு மேலே தொழுவமும் பனைமரங்களும் வண்டித்தடமும் தெரியும்படி கதவைத் திறந்துவைத்தேன். கல்லின்மேல் சாக்கை மடித்துப் போட்டு அம்மாவை உட்காரவைத்தான் தம்பி. அன்றைக்கு அவன் ஓடவில்லை. முழங்கையை வைத்துச் சூடு பார்த்தேன். "காலுக்கு ஊத்தறேன் அம்மா" என்று சொல்லிவிட்டு, உடம்போடு ஒட்டி ஊற்றினேன்.

அம்மாவின் நல்ல கை மேலே எழுந்தது. அடி விழும் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அது வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டது. அம்மா வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். தொழுவத்தில் கன்று துள்ளியது. முதுகுக்கு வருது, இப்ப கழுத்துக்கு வருது என்று சொல்லிச் சொல்லி ஊற்றினேன். நான் போதும் என்று சொம்பைக் கீழே வைத்தபோது, அம்மா அந்தக் குழறிய நாக்கைப் புரட்டிப் புரட்டி எதையோ சொல்ல முயன்றாள். குனிந்து காதைக் கொடுத்தேன்.

"இன்னொரு சொம்பு ஊத்து சாமி" என்றாள்.