வேலை செய்தால் போகிற வலி

அந்தப் பெரிய ஹோட்டலின் சலவைக்கூடத்தில் துணி தேய்க்கிற பதினோரு பெண்களில் மூத்தவளுக்கு டாக்டரம்மா என்று பட்டப்பெயர். எட்டாம் வகுப்பைத் தாண்டாதவள். இருபது வருஷம் இஸ்திரிப் பெட்டியோடு மல்லுக்கட்டியதில், வலியைப் பற்றித் தனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தாள். மற்றவர்களும் அப்படியே நினைத்தார்கள், அதுதான் வினையாகப் போயிற்று.

அவளிடம் இருந்தது ஒரே ஒரு சோதனை. கை வலி, தோள் வலி என்று யார் வந்து நின்றாலும் பத்துப் படுக்கை விரிப்புகளைத் தேய்க்கச் சொல்வாள். முடித்ததும் கேட்பாள்.

"இப்ப வலி கூடியிருக்கா, குறைஞ்சிருக்கா?"

கூடியிருந்தால் அது நிஜ வலி. மேற்பார்வையாளரிடம் அவளே வாதாடி விடுப்பு வாங்கித் தருவாள். குறைந்திருந்தால், "அது வலியே இல்ல, சோம்பல். உடம்பு சூடானா ஓடிப்போயிடும்" என்று தீர்ப்பு. மேல்முறையீடு கிடையாது. மேற்பார்வையாளருக்கும் இது வெகு வசதி. விடுப்பு கேட்டு வந்தவள் பத்து விரிப்பைத் தேய்த்துக் கொடுத்துவிட்டல்லவா போகிறாள்!

அவளுடைய சொந்தத் தங்கையும் அங்கேதான் வேலை பார்த்தாள். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு காலையில் அவளுக்குச் சீப்பைப் பிடிக்க விரல் மடங்கவில்லை. அக்காவிடம் வந்தாள். பத்து விரிப்பு தேய்த்தாள், வலி குறைந்தது. மறுநாள் காலை திரும்ப வந்தது, தேய்க்கத் தேய்க்கத் திரும்பக் குறைந்தது.

"ரெண்டு கையும் ஒரே மாதிரி வலிக்குதுக்கா. தூங்கி எழுந்தாலும் அசதி போகல."

"மத்தியானம் நல்லாத்தானே இருக்கே? முப்பத்தஞ்சு வயசுல என்னடி புலம்பல்?"

மத்தியானம் நன்றாகத்தான் இருந்தாள். அவள் வலி யார் கண்ணுக்கும் தெரியவில்லை, அவள் செய்த வேலை எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. முதலில் அக்காவுக்குப் பயந்தாள், பிறகு வெட்கப்பட்டாள், பிறகு சொல்வதையே விட்டுவிட்டாள். காலையில் எல்லோருக்கும் முன்னதாகவே வந்து வெந்நீர் வாளியில் கையை முக்கிக்கொண்டு நிற்பாள். "மகாராணி கை கழுவுறாங்க" என்று அக்கா கிண்டல் செய்ய, மற்ற பெண்கள் சிரித்தார்கள்.

விரல்கள் சுண்டுவிரல் பக்கமாகக் கோணத் தொடங்கின. ஒருநாள் சூடான பெட்டி கையிலிருந்து நழுவிக் காலருகே விழுந்தது. அன்றைக்கே அக்கா அவளை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு ஓடினாள்.

ரத்தப் பரிசோதனைத் தாளையும் எக்ஸ்ரேயையும் பார்த்துவிட்டு டாக்டர் கேட்டார். "காலையில எவ்வளவு நேரம் விரல் விறைப்பா இருக்கும்?"

"ரெண்டு மணி நேரம், சார்."

"வேலை செஞ்சா குறையுமா?"

தங்கை வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள். "நல்லாக் குறையும் சார்! அத நான் அப்பவே கண்டுபிடிச்சிட்டேன்."

"அதாம்மா இந்த நோய்க்கு அடையாளமே. உழைச்சு வர்ற வலி ஓய்வெடுத்தா பெரும்பாலும் குறையும். இது படுத்திருந்தா கூடும், நடமாடினா குறையும். முடக்குவாதம். முதல்லயே வந்திருந்தா விரல் இப்படி ஆகாம பாத்திருக்கலாம். கோணினதை மருந்து நிமிர்த்தாது, மிச்சத்தக் காப்பாத்தலாம். இவ்வளவு நாள் யாரு சும்மா இருக்கச் சொன்னது?"

அக்கா தங்கையின் முகத்தைப் பார்த்தாள்.

"யாரும் சொல்லல, சார்" என்றாள் தங்கை.

அவள் என்னைக் கைகாட்டியிருந்தால் கூடத் தாங்கியிருப்பேன் என்று அக்காவுக்குத் தோன்றியது. நோய் எது, சோம்பல் எது என்று இத்தனை வருஷம் பிரித்துக் கொடுத்தவள், இரண்டையும் தலைகீழாகப் பிரித்திருக்கிறாள். அதுவும் கூடப்பிறந்தவளின் கையை வைத்து.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். முதல் மாத்திரையை உடனே போடச் சொல்லியிருந்தார்கள். தங்கை அட்டையைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். தகடு கிழியவில்லை. மறுபடி அழுத்தினாள்.

"குடு, நான் எடுத்துத் தர்றேன்" என்று அக்கா கையை நீட்டினாள்.

தங்கை அட்டையை மடிக்குள் இழுத்துக்கொண்டாள். கோபமாகக் கூடப் பார்க்கவில்லை. அந்தப் பக்கம் திரும்பி, பெஞ்சில் இருந்த முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம் அட்டையை நீட்டினாள்.

"அம்மா, எனக்குக் கை முடியல. இதக் கொஞ்சம் பிரிச்சுத் தர்றீங்களா?"