சுண்டு கொண்டுபோன சேதி

கீழே அவனுடைய மோட்டார் வைண்டிங் கடை. மேலே வீடு, அங்கே அவன் மனைவி பள்ளிச் சீருடைகள் தைத்தாள். இரண்டுக்கும் நடுவே குறுகலான மாடிப்படி. அதில் நாள் முழுக்க ஏறி இறங்கியது மூன்றரை வயது மகள். எல்லோருக்கும் அவள் சுண்டு.

மனைவியின் அண்ணன் வந்திருந்தபோது, அவர் எதிரிலேயே, "உனக்கு என்ன தெரியும், வாயை மூடு" என்று அவளைச் சொல்லிவிட்டான் அவன். அன்று மூடிய வாயை அவனிடம் மட்டும் அவள் திறக்கவேயில்லை. அவனும் விட்டுக்கொடுக்கவில்லை. பேச்செல்லாம் சுண்டு வழியாகப் போனது.

"உங்கப்பாவைச் சாப்பிட வரச்சொல்லு."

"பசிக்கலேன்னு சொல்லு."

சுண்டு மூச்சு வாங்க ஒப்பித்துவிட்டு, கேட்டவரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாள். முகம் கோணினால் தான்தான் தப்பாகச் சொல்லிவிட்டதுபோல் கண் கலங்கும். கொஞ்ச நாளாக மறுபடியும் படுக்கையை நனைத்தாள். நகம் கடித்துக் கடித்து விரல் நுனிகள் சிவந்திருந்தன. உடம்புச் சூடு என்று அம்மா நினைத்தாள். செல்லம் கூடிப்போச்சு என்று அப்பா நினைத்தான்.

ஒருநாள் மதியம் அம்மா சொல்லி அனுப்பினாள்: "நாளைக்கு நாம மாமா வீட்டுக்குப் போறோம்னு உங்கப்பாகிட்ட சொல்லு."

சுண்டு வந்து சொன்னபோது அவன் செப்புக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தான். சுற்றுக் கணக்கு தவறிப்போன எரிச்சலில், "போறவ போகட்டும். திரும்பி வரவேணாம்னு சொல்லு" என்றான்.

சுண்டு படியேறினாள்.

மேலே தையல் மெஷின் ஓடிக்கொண்டேயிருந்தது. குழந்தை கீழே விளையாடுகிறாள் என்று அம்மா இருந்துவிட்டாள். சாப்பாட்டு நேரமும் தாண்டவே, வேறு வழியில்லாமல் கடை வாசலுக்கே வந்தாள்.

"சுண்டு எங்க?"

"அப்பவே மேல வந்தாளே."

"வரலையே."

இருவர் பார்வையும் ஒரே நேரத்தில் தெருவுக்குத் திரும்பியது. ஒரு லாரி பின்னால் நகர்ந்துகொண்டிருந்தது. அவள் செருப்பில்லாமல் ஓடி அதன் சக்கரங்களுக்கடியில் குனிந்து பார்த்தாள். பக்கத்து மருந்துக்கடைக்காரர், "இந்தப் பக்கம் வரலையேம்மா" என்றார். அவன் மொட்டைமாடிக்கு ஓடினான். தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் தூக்கக் கை வரவில்லை. தூக்கினான். தண்ணீர் மட்டும்தான் இருந்தது.

இருவரும் மாடிப்படியில் எதிரெதிரே முட்டிக்கொண்டார்கள்.

"ஒரு பிள்ளைய ஏத்திவிடத் தெரியாதா உங்களுக்கு?"

"நீ மட்டும் என்ன கிழிச்ச? மெஷினைக் கட்டிக்கிட்டு அழுதியே."

பக்கத்தில் ஒரு விக்கல் கேட்டது.

படி திரும்பும் இடத்தில் அவன் அடுக்கி வைத்திருந்த காலி அட்டைப்பெட்டிகள். அவற்றின் பின்னால், நனைந்த கவுனோடு, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு சுண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் பேரைச் சொல்லிக் கத்தியபடி இருவருமே அந்த இடத்தைத் தாண்டிப் போயிருந்தார்கள்.

அம்மா அள்ளி எடுத்தாள். "கூப்பிட்டோமேடா. ஏன் பேசல?"

"மறந்துபோச்சு."

"என்ன மறந்துபோச்சு?"

"அப்பா சொன்னது. யோசிச்சேன், வரல. திட்டுவீங்க."

அம்மா நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். "என்ன சொல்லி அனுப்புனீங்க?"

குழந்தையிடம் தூக்கிப்போட்ட வார்த்தை இப்போது நாக்கில் ஏற மறுத்தது. "ஒண்ணுமில்ல" என்றான்.

"என்கிட்டயே சொல்லுங்க."

"திரும்பி வரவேணாம்னு."

அவள் குழந்தையின் ஈரக் கவுனைக் கழற்றித் தன் முந்தானையால் சுற்றினாள். "இதைச் சுமந்துக்கிட்டா ஏறிவந்தா" என்றாள். பிறகு, குரல் இறங்கி, "நானும்தான் அவ தலையில ஏத்தி அனுப்பினேன்."

சாயங்காலம் சுண்டு தூங்கியதும் கதவைச் சாத்திக்கொண்டு நேருக்கு நேர் சண்டை போட்டார்கள். அண்ணன் எதிரில் பேசியது தப்பு என்று ஒப்புக்கொள்ள அவனுக்கு வெகுநேரம் பிடித்தது. அவள் மனம் அதற்குள் ஆறிவிடவில்லை. மறுநாள் அண்ணன் வீட்டுக்குப் போகத்தான் செய்தாள். ஆனால் எப்போது வருவேன் என்பதை அவனிடமே சொன்னாள். அவன் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தம்வரை வந்தான்.

திரும்பி வந்த பிறகும் படுக்கை நனைவது உடனே நிற்கவில்லை. ஒருநாள் கீழேயிருந்து அவன் குரல் கொடுத்தான்: "காபி கிடைக்குமா?" தரையில் நூல்கண்டு உருட்டிக்கொண்டிருந்த சுண்டு பதறி எழுந்தாள்.

"நீ விளையாடு. அப்பா என்கிட்ட பேசுறாரு" என்று அம்மா எழுந்துபோய், மேல்படியில் நின்று பதில் சொன்னாள்.

அவள் திரும்பி வரும்வரை சுண்டு நின்றுகொண்டேயிருந்தாள். வந்தவளின் முகத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். அப்புறம்தான் உட்கார்ந்தாள்.