வெர்னா ஸ்டோல்பியின் காலிப் பெட்டி

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பொய் சொன்னவன் நான். அப்போது எனக்கு வயது முப்பத்தொன்று. இதை முதல் வரியிலேயே போட்டு உடைத்துவிட வேண்டும் என்று முடிவெடுப்பதற்குள் இரண்டு தொடக்கங்கள் வீணாகிவிட்டன.

ஒன்று இப்படி இருந்தது: "1975 ஏப்ரல். விஸ்கான்சினில் பனி உருகிக்கொண்டிருந்தது. பிளம் ரிவர் உயர்நிலைப் பள்ளியின் கார் நிறுத்துமிடம் முழுக்கச் சேறாகி—" வானிலையில் ஆரம்பிக்கிறவன் எதையோ மறைக்கிறான். அடித்தேன்.

இன்னொன்று: "தச்சுப் பட்டறை ஆசிரியர் ஒருவர் இருந்தார். நல்லவர், ஆனால்—" அந்த 'ஆனால்' வரைக்கும் போனேன். என்னை யாரோ ஒருவராக்கி நழுவப் பார்த்திருக்கிறேன். அதையும் அடித்தேன்.

என் பெயர் மைலோ டெஸ்கி. அந்தப் பட்டறை ஆசிரியர் நான்தான்.

2

கதைக்கு முன்னால் எங்கள் பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அது தெரியாவிட்டால் நான் செய்தது உங்களுக்குப் பிடிபடாது.

ஆண்டுக்கு ஒருநாள், ஏப்ரலில், அதற்குள் இருக்கும் கூடைப்பந்து மைதானம் சந்தையாகிவிடும். ஒவ்வொரு துறைக்கும் ஒரு மேஜை. மேஜைமேல் ஒரு பெட்டி. பெட்டியில் ஒரு வகுப்புக்கு முப்பது அட்டைகள். பிள்ளைகள் மேஜை மேஜையாகப் போய், தங்களுக்கு வேண்டிய பாடத்தின் அட்டையை எடுத்துக்கொண்டு, வாசலில் அலுவலகக்காரர்களிடம் கொடுத்துவிட்டு வெளியேறுவார்கள். பெட்டி காலியென்றால் வகுப்பு நிரம்பிவிட்டது என்று பொருள். ஆனால் அலுவலகம் எண்ணுவது பெட்டியை அல்ல. வாசலுக்கு வந்துசேர்ந்த அட்டைகளை. [இந்த வித்தியாசத்தில்தான் கதையே இருக்கிறது. தயவுசெய்து இன்னொரு முறை படியுங்கள்.]

கணக்கு, ஆங்கிலம், வரலாற்று ஆசிரியர்களுக்கு அன்று திருவிழா. அவர்கள் பாடங்களை எடுக்காமல் எவனும் தேற முடியாது. கால்மேல் கால் போட்டுக் காப்பி குடித்துக்கொண்டிருப்பார்கள். விருப்பப் பாடம் நடத்துகிற நாங்கள்தான் கூவிக் கூவி ஆள் பிடிக்க வேண்டும். தச்சு, மனையியல், தட்டச்சு, ஓவியம், வாத்தியக்குழு. பதினைந்து பேருக்குக் குறைந்தால் வகுப்பு ரத்து என்று அந்த வருடம் பிரின்சிபால் ராட்கி புது உத்தரவு போட்டிருந்தார்.

மனையியல் துறை என்றால் வெர்னா ஸ்டோல்பி ஒருவர்தான். என்னைவிட ஐந்து வயது மூத்தவர். பெண் பிள்ளைகள் சமையலையும் தையலையும் விட்டு விலகிக்கொண்டிருந்த காலம் அது. ஆண், பெண் எவரும் எந்தப் பாடமும் எடுக்கலாம் என்று சட்டமும் வந்துவிட்டது. மற்றவர்கள் அந்தச் சட்டத்தைச் சபித்துக்கொண்டிருந்தபோது வெர்னா உட்கார்ந்து ஒரு பாடத்தை உருவாக்கினார். வேட்டைக்காரர் தையல். நவம்பரில் மான் வேட்டைக்குப் போகிற எங்கள் ஊர்ப் பையன்கள், மற்ற வேட்டைக்காரர்கள் தங்களை மானென்று சுட்டுவிடாமலிருக்கப் போடும் ஆரஞ்சு மேலங்கியைத் தாங்களே தைத்துக்கொள்ள வேண்டும். நான்காம் பாடவேளை.

என் பட்டறையும் நான்காம் பாடவேளைதான்.

3

எங்கள் மேஜைகள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. வெர்னா பளீரென்ற ஆரஞ்சு மேலங்கியைப் போட்டுக்கொண்டு நின்றார்.

"ஷிமான்ஸ்கி! இங்க வா. போன வருஷம் உன் அங்கியோட பை கிழிஞ்சு தோட்டாவெல்லாம் பனியில விழுந்துச்சே, யாரு தச்சுக் குடுத்தா?"

"எங்கம்மா, மிசஸ் ஸ்டோல்பி."

"வெக்கமா இல்ல? மானைச் சுடத் தெரியுது, ஊசியில நூல் கோக்கத் தெரியலையா?"

பக்கத்தில் நின்ற பையன்கள் கத்தினார்கள். ஷிமான்ஸ்கி கால்பந்து அணியின் தடுப்பாட்டக்காரன், கதவகலம் இருப்பான். காதெல்லாம் சிவந்துபோய் அட்டையை எடுத்தான். அவன் எடுத்ததும் இன்னும் நான்கு பேர் எடுத்தார்கள். அவர்களில் மூன்று பேர் என்னிடம் வருவதாகச் சொல்லியிருந்தவர்கள்.

பத்தரை மணிக்கு அவர் பெட்டியிலிருந்து பதினொரு அட்டைகள் போயிருந்தன. என் பெட்டியிலிருந்து ஆறு.

"மைலோ, கழிவறைக்குப் போயிட்டு வந்துடறேன். என் மேஜையையும் கொஞ்சம் பாத்துக்கோயேன்," என்றார் வெர்னா.

பார்த்துக்கொண்டேன். அவர் கதவைத் தாண்டியதும் மிச்சமிருந்த பத்தொன்பது அட்டைகளையும் எடுத்து என் பட்டறை ஏப்ரனின் பையில் போட்டுக்கொண்டு, 'நிரம்பிவிட்டது' என்ற பலகையை நிமிர்த்தி வைத்தேன்.

அவர் திரும்பி வந்து காலிப் பெட்டியைப் பார்த்தார்.

"என்னது இது! எல்லாம் தீந்துடுச்சா?"

"கும்பலா வந்தானுங்க வெர்னா. கேக்காதீங்க."

அவர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அட்டைகள் எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்தன.

4

இந்த இடத்தில் பாத்திரத்தைப் பற்றி எனக்கே சந்தேகம் வந்துவிடுகிறது. ஏன் செய்தான்?

(இங்கே ஒரு பத்தி இருந்தது. என் மனைவிக்கு ஏழாம் மாதம், வேலை போய்விடுமோ என்ற பயம், இப்படி. எல்லாம் உண்மைதான். ஆனால் அந்தப் பத்தியைப் படிக்கும்போது எனக்கே என்மேல் இரக்கம் வந்தது. அதனால் கிழித்துவிட்டேன்.)

உண்மையான காரணம் இதைவிடச் சின்னது. பையன்கள் என் கடைசல் இயந்திரத்தை விட்டுவிட்டு ஊசியைத் தேடிப் போனார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. வயிறு எரிந்தது. அவ்வளவுதான்.

5

மூன்று மணிக்குக் கணக்கு வந்தது. எனக்கு இருபத்திரண்டு. வெர்னாவின் மேஜையில் பலகையைப் பார்த்துத் திரும்பியவர்கள்தான் பாதிப் பேர்.

"பதினொண்ணு," என்றார் ராட்கி.

"பெட்டி காலி சார். முப்பதும் போயிடுச்சு. மைலோவைக் கேளுங்க."

"ஆமா சார்," என்றேன்.

"பசங்க விளையாட்டுக்கு எடுத்துட்டுத் தூக்கிப் போட்டிருப்பானுங்க. வருஷா வருஷம் நடக்கறதுதானே வெர்னா? வாசலுக்கு வந்த அட்டைதான் கணக்கு."

"எடம் இல்லன்னு திரும்பிப் போன பசங்க பேரை நான் எழுதிக் கொண்டாரேன்."

"அட்டை இல்லேன்னா ஆள் இல்ல."

வெர்னா மறுநாளே பெயர்களைத் திரட்டிக்கொண்டு வந்தார். ராட்கி அந்தத் தாளை வாங்கக்கூட இல்லை. வகுப்பு ரத்து. மனையியல் அறை தட்டச்சுக்குப் போயிற்று.

செப்டம்பரில் வெர்னா என் பட்டறை வாசலில் வந்து நின்றார், இரண்டு கைகளிலும் தையல் இயந்திரங்களோடு. "பள்ளிக்கூடம் விட்டதும் உன் பட்டறை சும்மாதான கெடக்கு? செவ்வாய், வியாழன் எனக்கு வேணும். சம்பளம் கெடையாதாம். பரவால்ல, யாரும் நிறுத்த முடியாதில்ல."

கொடுத்தேன். அவருடைய கத்தரிக்கோல்களைச் சாணை பிடித்தும் கொடுத்தேன். நவம்பரில் பிளம் ரிவர் காடுகளில் இருபது ஆரஞ்சு மேலங்கிகள் திரிந்தன. அடுத்த வருடம் அவர் வேலையைப் பாதியாக்கினார்கள். அதற்கடுத்த வருடம் இல்லாமலே ஆக்கினார்கள். கூடாரம் தைக்கிற தொழிற்சாலை ஒன்றில் சேர்ந்துகொண்டார்.

நான் இருபத்தொன்பது வருடம் பட்டறை நடத்தி, கேக் வெட்டி ஓய்வுபெற்றேன்.

6

முடிவுகள்.

அ) அன்று மாலையே தச்சு ஆசிரியர் பிரின்சிபால் அறைக்குப் போய் அட்டைகளை மேஜைமேல் வைக்கிறார். (நடக்கவில்லை. நடந்திருந்தால் இந்தக் கதை எதற்கு?)

ஆ) மரத்தூள் அடுப்பில் போட்டு எரிக்கிறார். (நடந்தது. நன்றாக எரிந்தன.)

இ) வயதான பிறகு வெர்னாவிடம் உண்மையைச் சொல்கிறார். வெர்னாவின் கை நடுங்குகிறது. கண்கள் கலங்குகின்றன. "எப்பவோ மன்னிச்சுட்டேன், மைலோ," என்கிறார். ஜன்னலுக்கு வெளியே பனி—

மூன்றாவது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஆனால் நாற்பத்தெட்டு வருடமாக நான் அவரிடம் எதுவுமே சொல்லியிருக்கவில்லை. ஊரே கூடுகிற வெள்ளிக்கிழமை மீன் வறுவல் விருந்துக்குப் போகும்போதெல்லாம் பார்ப்பேன். முட்டிவலியைப் பற்றிப் பேசிக்கொள்வோம். அவர் படிக்காமல் இது யார் கண்ணிலும் படக்கூடாது என்று முடிவுசெய்தேன். இதுவரை எழுதிய தாள்களை எடுத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினேன்.

7

வெர்னாவுக்கு எண்பத்து நாலு. காப்பி ஊற்றிக் கொடுத்துவிட்டுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். மூன்றாம் பகுதி முடிகிற இடத்தில் தாளைக் கவிழ்த்து வைத்தார்.

"இதை எதுக்கு எழுதிக் குடுக்கறே? வாயால சொல்லு."

"பத்தொன்பது அட்டையும் நான்தான் எடுத்தேன், வெர்னா."

"இன்னொரு தடவை சொல்லு."

சொன்னேன். அவர் எழுந்து போய் இழுப்பறையைக் குடைந்தார். சிவப்புப் பேனாவோடு திரும்பி வந்து, மிச்சத்தைப் படிக்கத் தொடங்கினார்.

"இருபது இல்ல. இருபத்து மூணு அங்கி. அதுல ரெண்டு பொண்ணுங்க." திருத்தினார். "உன்கிட்ட நான் வந்து நின்னேன்னு இருக்கு, சரி. அதுக்கு முன்னாடி அஞ்சு மாசம் என்ன பண்ணேன்னு நீ கேக்கவே இல்லியே? நம்மள ஒருத்தனுக்கும் வேணாம் போலருக்குன்னு நெனச்சேன் மைலோ. அட்டைய எடுத்துத் தூக்கிப் போட்டுட்டானுங்கன்னு நெனச்சேன். அந்தப் பசங்க மூஞ்சியப் பாக்கும்போதெல்லாம் அதான் தோணும். அதையும் எழுது."

எழுதிவிட்டேன்.

பிறகு மூன்றாவது முடிவுக்கு வந்தார். "கை நடுங்குதா? எனக்கா?" குறுக்கே ஒரு கோடு. "மன்னிச்சுட்டேனா? யாரு சொன்னது உனக்கு?"

"கொஞ்சம் நல்ல முடிவா இருக்கட்டுமேன்னு..."

"யாருக்கு நல்லது?"

தாள் கிழிகிற அளவுக்கு அழுத்தி அடித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் அதைக் கண்டுகொள்ளவில்லை.

"அப்ப முடிவுக்கு நான் என்னதான் எழுதறது, வெர்னா?"

"நாப்பத்தெட்டு வருஷம் எனக்குத் தெரியாமலே வச்சிருந்தே. இப்போ நீ கொஞ்ச நாள் தெரியாம இரு," என்று சொல்லிவிட்டு என் காப்பிக் கோப்பையை எடுத்துக்கொண்டு போய்க் கழுவ ஆரம்பித்தார்.

ஆகவே முடிவு என்னிடம் இல்லை. முடிவில்லாமல் உங்களுக்கு மனம் ஆறாது என்றால் நீங்களே ஒன்று எழுதிக்கொள்ளலாம். எனக்கு ஆட்சேபம் இல்லை. அவர் மன்னித்தார் என்று மட்டும் எழுதாதீர்கள். அந்த வரியை அவர் அடித்தாயிற்று.