பிரேமலதாவின் வேண்டுதல்

திங்கட்கிழமை காலை என் மேசை மேல் ஒரு லட்டு இருந்தது. எங்கள் ஊழியர்கள் தாமாக எனக்கு எதையாவது கொடுத்தால் முந்தின நாள் எதையோ கெடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். போன தடவை ஜாங்கிரி வந்தபோது தண்ணீர் மோட்டார் எரிந்து போயிருந்தது.

எங்கள் விடுதி திருப்பதியில், ரயில்வே கேட்டைத் தாண்டி ஒரு வாடகை மாடி வீட்டில் இருக்கிறது. பெற்றவர்கள் இல்லாத, அல்லது இருந்தும் பிரயோசனமில்லாத பெண் பிள்ளைகள், பதின்மூன்று முதல் பதினேழு வயது வரை, வளர்ப்புக் குடும்பம் அமையும்வரை இங்கே தங்குவார்கள். நான்கு மாதம்தான் தவணை. அதற்குள் குடும்பம் அமையாவிட்டால் வேறு மாவட்டத்துப் பெரிய விடுதிக்கு அனுப்பிவிட வேண்டும். அங்கே போனவள் திரும்ப ஒரு வீட்டுக்குள் காலெடுத்து வைத்ததாக என் பதினோரு வருட வேலையில் கேட்டதில்லை. பிள்ளைகள் எட்டு பேர். அவர்களைப் பார்த்துக்கொள்ள ஊழியர்கள். ஊழியர்களைப் பார்த்துக்கொள்ள நான், துர்காதேவி, சூப்பரின்டெண்டெண்ட். பிள்ளைகளைச் சமாளிப்பது சுலபம்.

ஹரிபாபு கவுன்சிலர். மனோதத்துவத்தில் எம்.ஏ. எந்தப் பிள்ளையைப் பற்றிக் கேட்டாலும் "ஸ்டேபிள் மேடம்" என்பான். ஒருத்தி மூன்று நாள் சோறு தொடாமல் கிடந்தபோதும் ஸ்டேபிள்தான். மேசை நாற்காலிகூட ஸ்டேபிளாகத்தான் இருக்கிறது, அதைச் சொல்ல எம்.ஏ. எதற்கு? தங்கவேலு வாட்ச்மேன். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, தலை நெஞ்சில் தொங்கப் பகலெல்லாம் தூங்குவார். பிரேமலதா ஹவுஸ் மதர். அவளுக்கு வாரத்தில் ஏழு நாளும் விரதம். திங்கள் ஒரு சாமிக்காகப் பெருக்க மாட்டாள், செவ்வாய் இன்னொரு சாமிக்காகத் துவைக்க மாட்டாள்.

இவர்கள் எழுதுவதை நான் படிப்பதில்லை. சனிக்கிழமை மாலை ஒரு கட்டுத் தாள்களைக் கொண்டுவந்து வைப்பார்கள். போனில் பேசிக்கொண்டே கையெழுத்துப் போட்டுத் தள்ளிவிடுவேன். பிரேமலதா எழுதியதை உட்கார்ந்து படித்தால் என் படிப்புக்கே கேவலம் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன், மறைப்பானேன்.

"இன்னா லட்டு?" என்று கேட்டேன்.

"நேத்து மலைக்குப் போயிருந்தேன் மேடம். நம்ம சந்தியாவ இட்டுக்கினு." பிரேமலதா கதவுக்கு அந்தப் பக்கமே நின்றாள்.

சந்தியாவுக்குப் பதினைந்து வயது, குப்பத்தை அடுத்த குடுபல்லிப் பக்கத்துப் பெண். இடுப்புக்குக் கீழே விழும் ஒற்றைச் சடை. அவளுக்கு நான்கு மாதம் முடிய ஐந்து நாள்தான் இருந்தது. நல்லவேளையாகச் சித்தூரிலிருந்து லட்சுமம்மா என்று ஒருத்தி, மாங்கூழ் ஃபேக்டரியில் வேலை செய்கிறவள், புருஷனோடு இரண்டு தடவை வந்து பார்த்து இவளைக் கேட்டிருந்தாள். குழந்தைகள் நலக் குழுவின் உத்தரவும் வந்துவிட்டது. வியாழக்கிழமை வந்து அழைத்துப்போக வேண்டியதுதான் பாக்கி.

"எதுக்கு இட்டுக்கினு போன?"

"வேண்டுதல் மேடம். இந்தப் பொண்ணுக்கு ஒரு நல்ல குடும்பம் அமைஞ்சா முடி குடுக்கறேன்னு வேண்டிக்கினேன். அமைஞ்சிட்சி. சாமி கடன வெச்சிக்கக்கூடாது இல்ல?"

பிரேமலதாவின் தலையைப் பார்த்தேன். எண்ணெய் தடவி, வாரி, கொண்டை போட்டு, அதைச் சுற்றி ஒரு முழம் மல்லிகையும் இருந்தது.

"உன் முடி அப்படியே இருக்குதே."

"அவளுக்காகத்தான வேண்டிக்கினேன் மேடம். அப்ப அவ முடிதான குடுக்கணும்?"

கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இவள் அநாதைப் பெண்ணின் தலையை எடுத்து உடைத்திருக்கிறாள். அதற்குப் புண்ணியமும் தன் பெயரில் எழுதிக்கொண்டு, மிச்சத்தில் எனக்கு ஒரு லட்டு.

"அவள கேட்டியா?"

"கேட்டேன் மேடம். தலய ஆட்டனா."

இங்கே வரும் பெண்கள் எதற்கும் தலையாட்டுவார்கள். மாட்டேன் என்றால் எங்கே அனுப்பிவிடுவார்களோ என்று பயம். நான்கு வருடம் வேலை பார்த்தும் இது தெரியாதவளை என்ன சொல்லித் திட்டுவது? திட்டினேன். திட்டி முடித்து, "கூப்புடு அவள" என்றேன்.

சந்தியா இல்லை. மற்றவர்கள் ஸ்கூலுக்குப் போயிருந்தார்கள். தலைவலி என்று இவள் மட்டும் படுத்திருந்தாளாம். பாய் சுருட்டி வைத்திருந்தது.

"எட்டு மணிக்குப் பேசினேன் மேடம்," என்றான் ஹரிபாபு. "ஸ்டேபிளா இருந்தா."

வாசலில் தங்கவேலு இல்லாத நேரமாகப் பார்த்துப் போயிருக்கிறாள். அந்த நேரத்தில் பிரேமலதா அவரைப் பால் வாங்க அனுப்பியிருந்தாள், விரதத்துக்கு.

பிள்ளை தானாக வெளியே போனால் ரெஜிஸ்டரில் 'ஓடிப்போனாள்' என்று எழுத வேண்டும். எழுதினால் குழுவுக்குத் தகவல் போகும். குழு உத்தரவை நிறுத்திவைத்து விசாரிக்கும். விசாரணை முடிவதற்குள் நான்கு மாதம் முடிந்து, அவள் பெரிய விடுதிக்குப் போயாக வேண்டும். ஆக, ஒரு மொட்டையால் ஒரு பெண்ணின் வீடு போகப்போகிறது.

போலீசுக்குப் போன் செய்தேன். போட்டோ அனுப்பச் சொன்னார்கள். ஃபைலில் இருந்ததை அனுப்பினேன். சடையை முன்னால் போட்டுக்கொண்டு எடுத்த படம். இப்போது எப்படி இருப்பாள் என்று கேட்டார் கான்ஸ்டபிள். மொட்டை என்றேன். அவர் தெலுங்கில், திருப்பதியில் மொட்டையைத் தேடச் சொல்கிறீர்களா அம்மா என்று சிரித்தார். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. இந்த ஊரில் ஒருத்தியைக் காணாமல் அடிக்க இதைவிட நல்ல வழி கிடையாது. என் ஆட்களைத் தவிர வேறு யாருக்கும் இது தோன்றியும் இருக்காது.

ஊருக்குத்தான் கிளம்பியிருப்பாள் என்று தங்கவேலுவை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். அவரை அழைத்துப்போனதுகூட, வாசலில் தூங்குவதை அங்கே வந்து தூங்கட்டும் என்றுதான்.

குப்பம் பஸ் நிற்கும் இடத்தில் பெஞ்சு முழுக்க மொட்டை. கிழவர், குழந்தை, கல்யாணமான பெண், கல்லூரிப் பையன், எல்லார் தலையிலும் காய்ந்த சந்தனம். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு போனேன். திரும்பி வரும்போதும் பார்த்தேன். அவள் இல்லை. சித்தூர் பஸ் பக்கம் போகலாம் என்று திரும்பினால் தங்கவேலு அசையாமல் நின்றிருந்தார்.

"மேடம், தோ இருக்குது."

தூணோரம், ஒரு மொட்டைக் குடும்பத்துக்கு நடுவில், அந்தக் குடும்பத்தில் ஒருத்தி போலவே சந்தியா உட்கார்ந்திருந்தாள். கை நீட்டினால் தொடும் தூரத்தில் அவளை இரண்டு தடவை தாண்டிப் போயிருக்கிறேன்.

"உனக்கு எப்படித் தெரிஞ்சிது?"

"காலு மேடம். எடது காலக் கொஞ்சம் சாச்சி வெக்கும். தெனம் ஸ்கூலுக்குப் போவசொல்ல, வரசொல்ல பாக்கறனே."

"நீ எங்க பாக்கற? தூங்கிக்கினு இல்ல இருப்ப."

"தூங்கல மேடம். கழுத்து எலும்பு தேஞ்சிபோச்சி, தல நிக்கல. குனிஞ்சிக்கினு இருந்தா காலுங்கதான் தெரியும். எட்டு பேரு காலும் எனக்குத் தெரியும்."

சந்தியாவின் பக்கத்தில் போய் நின்றேன். அவள் அழவில்லை, எழுந்திருக்கவும் இல்லை.

"நான் வந்தத பாத்த இல்ல? ஏன் கூப்புடல?"

"ரெண்டு தபா பாத்துக்கினே போனீங்க மேடம். நீங்க வேற யாரயோ தேடறீங்கன்னு நெனச்சேன்."

"எங்க கெளம்பின?" என்று மட்டும் கேட்டேன்.

"எங்கயும் இல்ல. இங்க எல்லாரும் மொட்டை, யாரும் பாக்க மாட்டாங்க. அந்த சித்தூரு அம்மா போட்டோல இருக்கற பொண்ணதான் கேட்டாங்க. நாலு மாசமா பாக்கற உங்களுக்கே தெரியல. ரெண்டு தபா பாத்த அவங்களுக்கு எப்படி மேடம் தெரியும்?"

திரும்பி வந்ததும் ஹரிபாபு ஒரு யோசனை வைத்திருந்தான். ஓடிப்போனாள் என்று எழுதிவிட்டால் மொட்டை விஷயம் அதில் அடங்கிவிடுமாம், விடுதிமேல் பழி வராதாம். எம்.ஏ. அன்றைக்குத்தான் வேலை செய்தது. நான் அவனை வெளியே போகச் சொல்லிவிட்டு, பிரேமலதாவைத் தொலைத்துக்கட்ட அவள் ஃபைலை எடுத்தேன். அனுமதியில்லாமல் பிள்ளையை வெளியே அழைத்துப்போனதற்கு வேலையே போகும்.

வெளியே அழைத்துப்போகும் படிவம் உள்ளே இருந்தது. பெயர், சந்தியா. இடம், திருமலை. காரணம், முடிக் காணிக்கை. எழுத்து முத்து முத்தாக இருந்தது. கோழிக்கிறுக்கலை எதிர்பார்த்திருந்தேன். கீழே, சனிக்கிழமைத் தேதியில், என் கையெழுத்து.

அன்று போனில் யாரோடு பேசிக்கொண்டிருந்தேன் என்று யோசித்தேன். தங்கையோடு, மிக்ஸியைப் பற்றி.

படிவத்தைக் கிழித்துவிடலாம் என்று தோன்றியது. பொய் சொல்வானேன், கிழிக்க இரண்டு விரலால் பிடித்தும்விட்டேன். பிறகு மேசை மேல் வைத்து, அந்த லட்டை எடுத்து அதன்மேல் பாரமாக வைத்தேன். ஓடிப்போனாள் என்று எழுதினால் பெண் போவாள். நடந்ததை எழுதினால் நான் போவேன். குழுவுக்கு நடந்ததை எழுதினேன். அதற்கப்புறம் லட்சுமம்மாவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன், கையெழுத்துப் போட்டது நான் என்பது உட்பட. முடி வளரும்வரை தள்ளிப்போடுவாள், அல்லது வேறு பெண் கேட்பாள் என்று எதிர்பார்த்தேன். இதற்கு முன் ஒரு தம்பதி, பெண் மாறுகண் என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.

லட்சுமம்மா குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"அந்தப் பொண்ணு துன்னுச்சா?"

எனக்குத் தெரியவில்லை. காலையிலிருந்து யாரும் கேட்கவில்லை.

"நீங்க பாத்துக்குவீங்கன்னுதான மேடம் வியாழக்கெழம வரிக்கும் வுட்டு வெச்சோம்," என்றாள். குரலை உயர்த்தவில்லை. "வியாழக்கெழம வேணா. இன்னிக்கே வர்றோம். அங்க இன்னொரு நாளு வேணா."

தவறு பெண்ணுடையது இல்லை என்று குழு உத்தரவை நிறுத்தவில்லை, தேதியை மாற்றவும் அனுமதி வாங்கினேன். என் விளக்கக் கடிதமும் ஒப்படைப்புத் தாள்களோடு சேர வேண்டும் என்றார்கள். மூன்றரைக்கு லட்சுமம்மா வந்தாள். ஃபேக்டரி சேலை, முழங்கைவரை மாங்காய்ப் பால் பட்ட கறுப்புத் தழும்பு. கூடத்தில் என்னையோ மற்றவர்களையோ பார்க்கவில்லை. நேராகச் சந்தியாவிடம் போய், மொட்டைத் தலையை ஒரு தரம் தடவிவிட்டு, "சளி புடிக்கும், முக்காடு போட்டுக்கோ" என்றாள். அவ்வளவுதான்.

ஒப்படைப்புத் தாள்களில் ஒன்பது கையெழுத்து வாங்க வேண்டும். மேசைக்கருகில் இருந்தது என் நாற்காலி, அவள் அதில் உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் நின்று வழக்கம்போல் விரலால் காட்டினேன். "இங்க, அப்புறம் இங்க."

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். "அஞ்சாங் கிளாஸ்தான் மேடம். மெதுவாத்தான் வரும். படிச்சிட்டுப் போடறேன்."

முதல் தாளின் முதல் வரியில் விரலை வைத்து, தெலுங்கில் எழுத்தெழுத்தாகக் கூட்டிச் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தாள். அவள் திக்கிய இடங்களில் சந்தியா எடுத்துக் கொடுத்தாள். பிரேமலதா, ஹரிபாபு, தங்கவேலு மூவரும் கதவருகே நின்றார்கள். ஏழாவது தாள் என் கடிதம். சூப்பரின்டெண்டெண்ட் என்ற வார்த்தை லட்சுமம்மாவுக்கு வாயில் நுழையவில்லை, இரண்டு தடவை சந்தியா சொல்லிக்கொடுத்தாள். அதற்கடுத்து, 'படிக்காமல் கையெழுத்திட்டேன்' என்ற வரியை லட்சுமம்மாவே ஒரு பிழையும் இல்லாமல் படித்தாள்.