டெப்லட் இல்லாமல் கிளம்பிய வண்டி

என் கணவர் நடராஜாவுக்கு ஒரு பழக்கம். எனக்கு நல்லது செய்வதாக நினைத்து, என்னைக் கேட்காமலே எதையாவது செய்து வைப்பார். போன மாதம் வெளிநாட்டிலிருந்து ஒரு சின்னப் பெட்டியை வரவழைத்தார்.

"ஞானம், இத கொம்பியூட்டர்ல மாட்டிட்டா போதும். ரயிலெல்லாம் தானா ஓடும், தானா நிக்கும். ஒன் முழங்காலுக்கு இனி ரெஸ்ட்டு."

குண்டசாலையில் எங்கள் வீட்டில், கல்யாணமாகிப் போன மகளின் அறை முழுவதும் அவருடைய ரயில்தான். விளையாட்டு ரயில் என்று சொன்னால் கோபம் வரும். ஜன்னலோரம் கண்டி, மூலையில் மஹியாவை சுரங்கம், நடுவில் கட்டுகஸ்தோட்டைப் பாலம், கதவருகே வத்துகாமம். ஒவ்வொரு எஞ்சினுக்குள்ளும் ஒரு சின்ன மின்சில்லு, அதற்கு ஓர் எண். கையில் பிடிக்கும் கருவியில் அந்த எண்ணை அழுத்தினால் அந்த எஞ்சின் மட்டும் நகரும்.

அவர் கண்டி, நான் வத்துகாமம். உண்மையான பாதையைப் போலவே இங்கும் ஒற்றைத் தண்டவாளம். எதிரும் புதிருமாக இரண்டு வண்டி வந்துவிடக் கூடாது என்பதற்காக, நிலைய அதிபர் சாரதியிடம் ஒரு வளையத்தைக் கொடுப்பார். அதுதான் டெப்லட். அது கையில் இல்லாமல் வண்டி நகரக் கூடாது. எங்கள் வீட்டு டெப்லட், என் கல்யாண வளையல்களில் ஒன்று. தினமும் மாலை ஆறு மணிக்கு நான் எழுந்துபோய் அதை அவர் உள்ளங்கையில் வைத்தால்தான் கண்டி வண்டி புறப்படும்.

முப்பத்தாறு வருடத்துக்கு முன்னால் நாங்கள் இருவரும் வத்துகாமத்திலிருந்து காலை ரயிலில் வேலைக்குப் போனோம். அவர் மாநகரசபையில் கிளார்க், நான் ஒரு சட்டத்தரணியிடம் டைப்பிஸ்ட். ஒருநாள் கட்டுகஸ்தோட்டையில் எதிர்வண்டிக்காகக் கால் மணி நேரம் நின்றோம். "எதிர்வண்டி டெப்லட் கொண்டாந்தாதான் நாம போகலாங்க" என்று, எதிர் சீட்டில் இருந்த இவர், யாரும் கேட்காமலே விளக்கம் சொன்னார். அவர் என்னிடம் பேசிய முதல் வசனம் அதுதான். அந்த வண்டி நேரத்துக்கு வந்திருந்தால் இந்த வீடும் இல்லை, மகளும் இல்லை. அந்தக் கால் மணி நேரத்துக்கு நான் இன்னும் ஏங்குகிறேன், சொல்வதற்கு வெட்கம் ஒன்றும் இல்லை. தினமும் ஆறு மணிக்கு அதில் கொஞ்சம் திரும்பக் கிடைத்தது.

"எந்திரிச்சு வாறது கஷ்டம்னு நான் சொன்னேனா?" என்று பெட்டியைக் காட்டிக் கேட்டேன்.

"சொல்லல. முனகுற."

அவருக்குக் கணினி வராது. ஆகவே என்னை வேண்டாமென்று ஆக்கும் வேலையும் என் தலையில்தான் விழுந்தது. கோபத்தில், அதை மாட்டும் நாள் காலையிலேயே சோப்பு போட்டு வளையலைக் கையில் ஏற்றிக்கொண்டேன். நான் வேண்டாமென்றால் என் நகை மட்டும் எதற்கு?

கணினியைக் கண்டிப் பக்கம் வைத்தோம். பெட்டியிலிருந்து ஒரு வயர் தண்டவாளத்துக்கு, ஒன்று கணினிக்கு. 'இணைப்பு இல்லை' என்றது திரை. அரை மணி நேரம் தேடிக் கண்டுபிடித்தேன். பெட்டி இருந்தது நான்காவது போர்ட்டில், கணினி தேடியது மூன்றாவதில். ஓர் எண்ணை மாற்றினால் முடிந்தது.

"சரிவராது போல" என்றார். முகம் தொங்கிவிட்டது.

மாற்றாமல் விட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. விட்டுவிடத்தான் நினைத்தேன். ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார என்னால் முடியவில்லை. மூன்றை நான்காக்கினேன்.

ஆறு மணிக்கு எல்லாம் அச்சொட்டாக நடந்தது. வத்துகாமம் வண்டி தானாக வந்து கட்டுகஸ்தோட்டையில் நின்றது. திரையில் 'காத்திருக்கும் நேரம்' என்ற கட்டத்தில் ஒரு நிமிடம் என்று இருந்தது. அவர் பழக்கத்தில் என் பக்கம் கையை நீட்டினார். அதற்குள் கண்டி வண்டி கிளம்பிவிட்டது.

"ஐயோ, டெப்லட் இல்லாம போகுதே!" என்று சிவப்புப் பட்டனை அடித்தார். எல்லாம் நின்றன.

"கொம்பியூட்டர் பாத்துக்கும். எதிர்ல நிக்கிற வண்டி அசையாது" என்றேன்.

"பாத்துக்கட்டும். நீ குடு." நீட்டிய கை அப்படியே இருந்தது.

வளையலை இழுத்தேன். காலையில் ஏறியது இப்போது இறங்கவில்லை. கை வீங்கியிருந்தது.

"கழரலங்க. சோப்பு எடுத்துட்டு வாறேன்."

"வேணாம்."

"அப்ப வண்டி?"

"கையோட குடு" என்றார்.

கொடுத்தேன். அவர் மற்றக் கையால் பட்டனை விடுவித்தார். கண்டி வண்டி சுரங்கத்துக்குள் நுழைந்தது. எனக்கும் ஒரு கை மிச்சமிருந்தது. 'காத்திருக்கும் நேரம்' கட்டத்தில் ஒன்றை அழித்துவிட்டு, பதினைந்து என்று அடித்தேன்.