காலுக்கு மட்டும் வெளிச்சம்

…இன்னும் பத்து நிமிஷத்தில் படத்தில் அந்தப் பூதம் கதவைத் தட்டும், சனங்கள் கைதட்டும், தியேட்டர் விளக்கைப் போட்டுவிடுவார்கள், அதற்குள் மகனுக்கு முகத்தைக் காட்டுவதா, ஓடி ஒளிவதா என்று முடிவுகட்டியாக வேண்டும்… அவன்தானா? அவனேதான். முகத்தைப் பார்க்கவில்லை, முப்பது வருஷமாக இந்தத் தியேட்டரில் டார்ச் அடித்து இடம் காட்டுகிற இவர் யார் முகத்திலும் வெளிச்சம் அடித்ததில்லை, காலுக்கு மட்டும்தான், அதுதான் இந்த வேலையின் முறை. மதியக் காட்சிக்குத் தாமதமாக வந்தான், இடுப்பில் ஒரு பெண்குழந்தை, செருப்புக்குள் இடதுகால் சுண்டுவிரல் வெளிப்பக்கமாக மடங்கிக் கிடந்தது. தானாக மடங்கிய விரலா அது? இரும்பு முக்காலியைத் தூக்கி எறிந்தது எந்தக் கை? இதோ, டார்ச்சைப் பிடித்திருக்கிற இந்தக் கைதான். "படி இருக்கா பெரியவரே?" என்று கேட்டான். பெரியவராம்… எட்டு வருஷம் கழித்து முதல் பேச்சு. குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்று வாயைத் திறக்காமல் வெளிச்சத்தை ஆட்டிக் காட்டி, தான் நிற்கிற வாசலுக்குப் பக்கத்து வரிசையிலேயே உட்காரவைத்தார்.

படமா இது? பாதி சிரிப்பு, பாதி காதல், நடுவில் பாட்டு, கட்டிலுக்கடியில் பூனைக்குட்டி அளவுக்கு ஒரு பூதம். வீட்டுக்காரன் கத்தக் கத்த முழம் முழமாக வளர்ந்து, கடைசியில் அவனையே விழுங்கி அவன் சட்டையை மாட்டிக்கொள்கிறது. எவனோ நம் ஜன்னல் வழியாக எட்டிப்பார்த்து எடுத்திருக்கிறான் என்று முதல்நாளே சந்தேகம், எவனைத்தான் நம்புவது… மேனேஜர்கூட, "என்னய்யா டார்ச்சு, அப்படியே உன்னை மாதிரியே கத்துறான்" என்று இளித்தான். கத்தாமல் பிள்ளை வளர்த்தவன் எவன்? "நீங்க செத்தாக்கூட சொல்லி அனுப்பாதீங்கப்பா" என்று மகன் நொண்டிக்கொண்டே போனானே, அன்றும் இவர் கத்திக்கொண்டுதான் இருந்தார்…

"பூதம் எங்கப்பா?" பேத்தியின் குரல். "கதவுக்கு வெளிய நிக்குது கண்ணு." "உள்ள வந்துடுமா?"

தட்டிவிட்டது. கிழிந்த சட்டையோடு, அழுதுகொண்டே, "ஒரே ஒரு தடவ தெறங்க" என்கிறது. வீட்டுக்காரி தாழ்ப்பாள் போட்டாள். தியேட்டரே கைதட்டியது. பதினோரு நாளாக இந்த இடத்தில் இவரும் கைதட்டியிருக்கிறார், டார்ச்சைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, எல்லோரையும்விடப் பலமாக… மகன் கைதட்டுகிறானா? வெளிச்சத்தை ஒரு முழம் தூக்கினால் தெரிந்துவிடும். தூக்க முடியவில்லை. காலுக்கே அடித்தார். அந்த மடங்கின விரல் தரையை அழுத்திக்கொண்டு நடுங்கியது. கோபமா, அழுகையா, வெறும் குளிரா? ஒடிக்கத் தெரிந்தவனுக்கு அது என்ன சொல்கிறதென்று தெரியவில்லை…