அரைக் கிலோ கோடு

பிள்ளைகள் எனக்கு வைத்த பட்டப்பெயர் சிவப்பு மை. அதில் எனக்கு உள்ளூரப் பெருமை. பத்தொன்பது வருடமாக அறிவியல் நடத்துகிறேன். நோட்டில் எது நிஜமாக அளந்தது, எது முந்தின நாள் உட்கார்ந்து அவிழ்த்துவிட்ட புளுகு என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவேன். நிஜ அளவு ஏறும், இறங்கும், ஒரு வாரம் முரண்டு பிடித்துக்கொண்டு நிற்கும். புளுகு மட்டும்தான் ஸ்கேல் வைத்தாற்போல் நேராகப் போகும்.

ஒவ்வொரு பருவமும் ஒரு வேலை கொடுப்பேன். வீட்டில் ஏதாவது ஒன்றை வாரத்துக்கு ஒரு தடவை, பத்து வாரம் அளக்க வேண்டும். அட்டவணை, வரைபடம், கடைசியில் 'இதிலிருந்து என்ன தெரிகிறது' என்று நாலு வரி. பெரும்பாலும் அவரைச் செடியின் உயரம்தான் வரும். ஒருவன் தன் சித்தப்பாவின் குறட்டையை நிமிடத்துக்கு இத்தனை என்று எண்ணி வந்தான். முழு மதிப்பெண் போட்டேன்.

பூனை என்று எல்லோரும் கூப்பிடும் பெண், வருவதும் தெரியாது போவதும் தெரியாது, 'அம்மாவின் எடை' என்று கொண்டுவந்தாள். ஐம்பத்தாறு, ஐம்பத்தைந்தரை, ஐம்பத்தைந்து... வாராவாரம் அரைக் கிலோ, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பத்துப் புள்ளியும் ஒரே கோட்டில். எனக்குச் சுர்ரென்று வந்தது.

"உங்கம்மா என்ன மெழுகுவர்த்தியா, இப்படி அளவாக் கரையறதுக்கு?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருக்கிறது.

"நிஜமாத்தான் டீச்சர். ஞாயித்துக்கிழமை காலைல, சாப்பிடறதுக்கு முன்னாடி..."

"என் காதுல பூ சுத்தாதே. உண்மையான அளவு இப்படி வராது."

வரைபடத்தின் குறுக்கே 'பொய்' என்று எழுதிக் கொடுத்தேன். கீழே இருந்த நாலு வரியைப் படிக்கவில்லை. அளவே பொய் என்றால் விளக்கத்தை எதற்குப் படிப்பது?

மறுநாளே வேறு தாளில் புது அட்டவணை வந்தது. எண்கள் அங்கங்கே ஏறின, இறங்கின. "இப்ப எப்படி இருக்கு பாத்தியா?" என்று பத்துக்கு ஒன்பது போட்டேன். பத்து வாரத்தை ஒரே நாளில் எப்படி அளந்தாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மூன்று மாதம் கழித்து அவள் அம்மா இறந்துபோனார். வயிற்றில் கட்டி.

துக்கம் விசாரிக்கப் போனேன். அவள் அப்பா பஸ் ஓட்டுபவர். எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"டாக்டர் கேட்டாரு டீச்சர், இவ்ளோ எடை குறையற வரைக்கும் என்ன பண்ணிட்டிருந்தீங்கன்னு. பாப்பா முன்னாடியே சொன்னா. நானும் பயந்துபோய் ஆஸ்பத்திரிக்குப் போகலாம்னு லீவு சொல்லிட்டேன். அப்புறம் நோட்டுல நீங்க எழுதினதைப் பாத்தோம். படிச்சவங்க, அவங்களே தப்புன்னு சொல்லிட்டாங்கன்னு நிம்மதியாச்சு. அன்னிக்கு இவங்கம்மாவும் நானும் சிரிச்சோம். லீவைக் கேன்சல் பண்ணிட்டேன்."

அவர் குத்திக்காட்டவில்லை. நடந்ததைச் சொன்னார். குத்திக்காட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

கதவோரம் எடை பார்க்கும் மெஷின் இருந்தது. முள் வைத்த பழைய மெஷின். குனிந்து பார்த்தேன். கிலோவுக்கு ஒரு பெரிய கோடு, நடுவில் அரைக் கிலோவுக்கு ஒரு சின்னக் கோடு, அவ்வளவுதான். அதில் ஏறி நின்றால் யார் எடையும் அரை அரையாகத்தான் வரும்; நடுவில் இருக்கும் சின்ன ஏற்ற இறக்கம் தெரியாது. எதை வைத்து அளந்தாய் என்று கேட்பதுதான் நான் வருடா வருடம் நடத்தும் முதல் பாடம். அந்தப் பெண்ணிடம் நான் அதைக் கேட்கவில்லை.

நோட்டு மேஜைமேல் இருந்தது. எடுத்துப் பிரித்தேன்.

'அம்மாவின் எடை குறைந்துகொண்டே வருகிறது. அம்மா சாப்பாட்டைக் குறைக்கவில்லை. கேட்டால் ஒன்றுமில்லை என்கிறார். இது எதனால் என்று டீச்சரிடம் கேட்க வேண்டும்.'

நாலு வரிதான். படிக்க அரை நிமிடம்கூட ஆகவில்லை.

பூனை பக்கத்தில் வந்து நின்றது எனக்குத் தெரியவில்லை.

"டீச்சர், நான் சரியாத்தானே அளந்தேன்?"

அவள் அப்பா நிமிர்ந்தார். இல்லை என்று சொன்னால் லீவைக் கேன்சல் பண்ணின பழியிலிருந்து அந்த மனுஷர் தப்பித்துக்கொள்வார், நானும் தப்பித்துக்கொள்வேன். அவள் மட்டும் ஆயுசுக்கும் பொய் எழுதினவளாகவே இருப்பாள்.

"சரியாத்தாம்மா அளந்தே. நான்தான் தப்பாப் பாத்துட்டேன்."

அவள் தலையாட்டினாள். அவள் அப்பா என் கையிலிருந்து நோட்டை வாங்கி, மூடி, மடியில் வைத்துக்கொண்டார்.